கஹாருதினின் பல்செட்டு

"திறக்காதம்மா, விட்டுரு," என்றார் இமாம். "இப்பத் திறந்துட்டா அப்புறம் மூடாது. வாயத் திறந்துக்கிட்டேவா மனுசன் கபருக்குப் போவாரு?"

"உசுரோட இருந்தப்ப மட்டும் மூடியா வச்சிருந்தாரு?" என்றார் ஜலில் மாமா.

யூனிதார் விடவில்லை. மையித்தின் தலைமாட்டில் மண்டியிட்டு, இடது கையால் வாப்பாவின் தாடையைக் கீழே அழுத்திக்கொண்டிருந்தாள். வலது கையில் பல்செட்டு. குளிப்பாட்டி, வெள்ளைக் கஃபன் துணி சுற்றி, முகத்தை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். தாடைக்கட்டை அவிழ்த்து கால்மணி நேரம் ஆகியிருந்தது. தாடை அசையவில்லை. கொப்பரை மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன கை அவளுடையது. அந்தக் கைக்கே அது வழிவிடவில்லை.

"பாத்துக்கா, ஒடஞ்சிரப் போவுது," என்றான் சப்ரி.

"எது? பல்லா, வாப்பாவா?"

சப்ரிதான் இதை ஆரம்பித்து வைத்தவன். அவளுக்கு இளையவன். கடல் தாண்டி மேடான் நகரத்தில் லாரி ஓட்டுகிறான். பன்னிரண்டு வருடத்தில் மூன்று பெருநாளைக்கு வந்துபோனவன். காலை விமானத்தில் இறங்கி, மோட்டார் சைக்கிளில் மூன்று மணி நேரம் குலுங்கி வந்து, வாப்பாவின் முகத்தைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்து அழுதான். அழுது முடித்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "பல்லு எங்க?" கன்னம் இரண்டும் குழிந்து, உதடு உள்ளே இழுத்துக்கொண்டு, வாப்பா யாரோ ஒரு கிழவியைப் போலக் கிடந்தார். சொந்தக்காரர்கள் கடைசியாகப் பார்க்கிற முகம் முகமாக இருக்க வேண்டாமா என்றான்.

அந்தப் பல் வாப்பாவின் வாய்க்குள் கடைசியாகப் போய் இருபது வருடம் ஆகிறது என்பது அவனுக்கும் தெரியும். மேடானில் இருந்தால் மறந்துபோகும்.

வாப்பா கஹாருதின் எருமை வளர்த்தார், கொப்பரை போட்டார். ஒரு கடா உதைத்ததில் முன்பல் எல்லாம் போயின. மீதியைப் புகையிலை தின்றது. கன்று ஒன்றை விற்று, கப்பலேறிப் போய் அவர் கட்டிக்கொண்டு வந்த பல்செட்டு அது. இளஞ்சிவப்பு ஈறு, அடுக்கி வைத்த பல். ஊரிலேயே முதல் பல்செட்டு. ராத்திரி தண்ணீர்த் தம்ளரில் போட்டு வைப்பார். பார்க்கவென்றே ஆள் வரும்.

அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை காலையில் நிலம் ஆடியபோது பல் தம்ளரில் இருந்தது. "ஸ்மொங்! ஸ்மொங்!" என்று கத்திக்கொண்டு ஊரே மேட்டுக்கு ஓடியது. கடல் ஊருக்குள் எழுந்து வருவதற்கு எங்கள் தீவில் அதுதான் சொல்; பிள்ளைக்கு நடக்கத் தெரிவதற்கு முன் அது தெரிந்திருக்கும். நிற்க முடியாதபடி நிலம் ஆடினால் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்காதே, எதையும் எடுக்காதே, மேட்டுக்கு ஓடு, சொல்லும்வரை இறங்காதே. பாடம் அவ்வளவுதான். கஹாருதினும் ஓடினார். பாதி மேட்டில் நாக்கால் ஈறைத் தடவிப் பார்த்தார். திரும்பினார்.

அவரை இழுத்துவர உம்மா பின்னாலேயே இறங்கினாள். தண்ணீர் வந்தபோது இருவரும் வாசலில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வாப்பா ஒரு கையால் தென்னையையும் ஒரு கையால் உம்மாவின் முடியையும் பிடித்துக்கொண்டார். பல் அப்போது வாயில் பத்திரமாக இருந்தது. மிதந்து வந்த படகொன்று உம்மாவின் முழங்காலை மரத்தோடு வைத்து நசுக்கிவிட்டுப் போனது. அதற்கப்புறம் பதினான்கு வருடம், அவள் காய்ச்சலில் போகும்வரை, அந்த வீட்டுப் பலகைத் தரையில் உம்மா நடந்தால் ஒரு கால் மிதிபடும், ஒரு கால் இழுபடும். ஒரு நாள்கூட அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் மனிதர் கொஞ்சம் ஆறியிருப்பார்.

அன்றோடு அவர் பல் மாட்டுவதை விட்டார். ஆனால் தூக்கிப் போடவும் இல்லை. தூண்டில் நரம்பில் கோத்து வாசல் நிலையில் தொங்கவிட்டார். உள்ளே வருகிற ஆள் குனியாவிட்டால் பல் நெற்றியில் இடிக்கும். யாருக்காவது இடித்தால் அவருக்குச் சந்தோஷம். உட்கார வைத்துக் கதையை முதலிலிருந்து சொல்வார்.

நிலம் லேசாக ஆடினாலும் ஊரில் முதல் குரல் அவருடையதுதான். பொக்கை வாயில் அது "ஷ்மோங்" என்று வழுக்கிக்கொண்டு வரும். மேட்டுக்குப் போனதும் எல்லாரையும் நிற்க வைத்து, இரண்டு கையையும் விரித்துக் காட்டச் சொல்வார். கையில் எது இருந்தாலும் சரிவில் வீச வேண்டும். செல்போன், சோற்றுப்பானை, கல்யாண ஆல்பம், எதுவானாலும். ஒருமுறை ஜலில் மாமா சண்டைச் சேவலை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"மச்சான், இது உசுருள்ளது!"

"அதுக்கு ரெண்டு காலு இருக்குல்ல? அதுவே ஓடி வரட்டும். நடக்க முடியாத ஆளத் தூக்கு. பொருளத் தூக்காத."

சேவல் பறந்தது. மச்சான்கள் ஆறு மாதம் பேசிக்கொள்ளவில்லை.

"அவரே வேணாம்னு கழட்டி வச்ச பல்லு," என்றார் இமாம் இப்போது. "அத அவரு வாயில திணிக்கிறது..."

வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. குளிப்பாட்டிய வாளியில் மீதியிருந்த தண்ணீர் வளையம் வளையமாகச் சுருங்கியது. வீட்டுக்குப் பின்னால் எருமை ஒன்று கனைத்தது. அப்புறம் தகரக் கூரை தடதடவென்று அடித்துக்கொண்டது. தரை ஒரு பக்கமாகப் போய், மறந்ததை எடுக்க வந்தது போலத் திரும்பி வந்தது. யூனிதார் மையித்தின் மேல் கவிழ்ந்து இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டாள். வாசலில் தார்ப்பாய்க்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்தன. எங்கள் ஊரில் ஆட்டம் தொடங்கினால் எண்ணுவார்கள். வெளியில் யாரோ சத்தமாக எண்ணினார்கள். நாற்பதைத் தாண்டியது. அறுபதைத் தாண்டியது. எழுபத்தி மூன்றில் நின்றது.

நின்றதும் யாரும் அசையவில்லை.

வாசலில் எண்பது பேர். உள்ளே பத்துப் பேர். ஜன்னல் வழியாகவும் கதவு வழியாகவும் எல்லாரும் ஒரே இடத்தைப் பார்த்தார்கள். வெள்ளைத் துணிக்கு நடுவே தெரிந்த அந்தக் குழிந்த முகத்தைப் பார்த்தார்கள். இருபது வருடப் பழக்கம். அவர் கத்துவார் என்று காத்திருந்தார்கள். ஜலில் மாமா வாயைப் பாதி திறந்து, தலையைச் சற்றுச் சாய்த்து, காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஒரு மூச்சு போனது. இன்னொரு மூச்சு போனது.

"ஸ்மொங்!" என்று யூனிதார் கத்தினாள்.

இருபது வருடத்தில் அந்த வீட்டிலிருந்து அந்தச் சொல் பல்லோடு வந்தது அப்போதுதான். ஊருக்கு உயிர் வந்தது. நாற்காலிகளை மிதித்துக்கொண்டு எல்லாரும் ஓடினார்கள்.

சப்ரி ஓடவில்லை. "சந்தூக்கக் கொண்டாங்க!" என்றான். சுவரோரம் தயாராக இருந்த சந்தூக்குப் பெட்டியில் வாப்பாவை ஏற்றினான். கொப்பரைக் களத்து ஆட்கள் இரண்டு பேர் முன்னால் பிடித்தார்கள். ஜலில் மாமா ஒரு கையில் காப்பித் தம்ளரோடு இன்னொரு தோளைக் கொடுத்தார். யூனிதார் வாய் திறப்பதற்குள் வாப்பா வாசலைத் தாண்டிப் போயிருந்தார்.

நல்லவேளையாக வழி ஒன்றுதான். கபர்ஸ்தான் மேட்டின் பாதியில் இருக்கிறது. ஊர் ஒதுங்கும் இடம் அதற்கும் மேலே. அவர் எப்படியும் போக வேண்டிய பாதைதான், ஒரு மணி நேரம் முன்னதாகப் போகிறார் என்றுதான் அவளும் முதலில் நினைத்தாள். கிணற்றைத் தாண்டிக் கிராம்பு மரங்களுக்கு நடுவே பாதை குறுகியபோதுதான் விஷயம் புரிந்தது.

அந்த இடத்தில் பாதை ஒரு ஆள் அகலம். மண்ணில் வெட்டிய படிகள். முந்தின நாள் மழை பெய்திருந்தது. சந்தூக்கைத் தூக்கியவர்கள் ஒரு படி ஏறி, இரண்டு மூச்சு வாங்கி, அடுத்த படியில் வழுக்கினார்கள். கஹாருதின் ஆள் லேசு, சந்தூக்கு கனம். பலா மரத்தில் செய்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள். பாதிப் பேர் முன்னாலேயே ஏறிவிட்டார்கள்; பின்னால் நாற்பது பேர் வரிசையாக நின்றார்கள். பிள்ளைகளை இடுப்பில் வைத்தவர்கள், கிழவிகளை முதுகில் சுமந்தவர்கள். எல்லார் முகத்திலும் உயிர்ப்பயம். ஆனால் ஒருத்தர்கூடப் பக்கவாட்டில் நுழைந்து முந்தப் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் ஜனாஸா ஊர்வலத்தை முந்திப் போவது மரியாதை இல்லை.

கடல் வந்துகொண்டிருக்கிறது, ஊர் மரியாதையாக வரிசையில் நிற்கிறது.

"போங்களேன்! ஏன் நிக்கிறீங்க?" என்றாள்.

"எப்பிடிம்மா முந்துறது?" என்றாள் சமையலுக்கு வந்திருந்த மஸ்னா. கறி கிண்டிய கரண்டி இன்னும் கையில் இருந்தது. "நீங்க மெதுவா போங்க. நாங்க பின்னாடியே வர்றோம்."

"சப்ரி, எறக்கு."

"என்னது?"

"வாப்பாவ எறக்கு. ஓரமா வையி."

"எறக்க மாட்டேன். இதுக்காகவாக்கா நான் அங்கேருந்து வந்தேன்? பாதி வழியில போட்டுட்டு ஓடுறதுக்கா?"

"ஆளத் தூக்கு, பொருளத் தூக்காதன்னு சொன்னவரு அவரு."

"வாப்பா பொருளா?"

பத்துப் படி கீழே இமாம் வேட்டி போல லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜலில் மாமா அவரைப் பார்த்துக் கத்தினார்.

"இமாம்! மையித்து ஆளா, பொருளா? சட்டுனு சொல்லுங்க, தோளு கழண்டுரும் போல!"

இமாமுக்கு மூச்சு வாங்கியது. "கிதாபுல... கிதாபப் பாத்துத்தான் சொல்லணும்."

"கிதாபு எங்க?"

"கீழ."

யூனிதார் இரண்டு படி ஏறித் தம்பியின் முகத்துக்கு நேராக நின்றாள். "பின்னாடி பாருடா. வாப்பாவப் பாக்காத, பின்னாடி பாரு."

அவன் பார்த்தான். மஸ்னாவின் மாமியார், எண்பது வயது, மகனின் முதுகிலிருந்து அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். "பரவால்லப்பா," என்றாள். "பாத்துப் போ. வழுக்கும்."

சப்ரியின் முகம் கோணியது. "எறக்குங்க," என்றான்.

பாதையை விட்டு மூன்று எட்டு தள்ளி, இரண்டு கிராம்பு மரங்களுக்கு நடுவே சந்தூக்கைச் செருகினார்கள். சப்ரி இடுப்பிலிருந்த புது லுங்கியை அவிழ்த்து, சந்தூக்கின் காலை மரத்தோடு சேர்த்துக் கட்டினான். லாரிக்காரன் முடிச்சு. அவிழாது. பிறகு அரைக்கால் சட்டையோடு ஓடினான். நாற்பது பேரும் போகும்போது சந்தூக்குப் பக்கம் தலையைக் குனிந்து, சலாம் சொல்லி, சொல்லி முடிப்பதற்குள் பறந்தார்கள். யூனிதார் கடைசியாக வந்தாள். திறந்திருந்த முகத்தைத் துணியால் மூடிவிட்டு வரலாம் என்று ஒரு நொடி நின்றாள். அதற்கும் ஒரு கை வேண்டியிருந்தது. இடது கையால் மூடிவிட்டு ஏறினாள்.

மேட்டில் வழக்கமான இடத்துக்கு வந்ததும் எல்லாரும் மூச்சு வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். யாரும் சொல்லவில்லை. கை தானாக எழுந்தது. விரிந்த கைகள், நூற்றுக்கு மேல். சோதிக்க ஆள் இல்லை.

"நான் பாக்கறேன்," என்று ஜலில் மாமா முன்னால் வந்தார்.

"உங்க கையில என்ன?" என்றாள் மஸ்னா.

காப்பித் தம்ளர். பாதிக் காப்பி இன்னும் இருந்தது. இவ்வளவு ஓட்டத்திலும் சிந்தவில்லை. மாமா அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தம்ளரைச் சரிவில் வீசினார். பிறகு மஸ்னாவின் கரண்டியைக் காட்டினார். கரண்டியில் ஒரு துண்டு இறைச்சி ஒட்டிக்கொண்டிருந்தது.

"அதுல கறி இருக்கு."

"உசுரில்லாத கறிதானே? வீசு."

"வீசுறதுக்கு எதுக்கு நான் காலைல நாலு மணிக்கு எழும்பி மசாலா அரைச்சேன்?" அவள் இறைச்சியை மாமியார் வாயில் ஊட்டிவிட்டுக் கரண்டியை வீசினாள். அதற்குப் பின் செல்போன்கள் பறந்தன. யாரோ வாப்பாவின் தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள், ஏன் என்று அவர்களுக்கே தெரியவில்லை. அதுவும் போனது.

"யூனி, நீ?"

அவள் இடது கையை விரித்தாள். வலது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. அது மூடியிருக்கிறது என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. உள்ளே இருபத்தெட்டுப் பற்கள் உள்ளங்கையைக் கடித்துக்கொண்டிருந்தன.

"இன்னொரு கை?"

அவள் அரை எட்டு பின்னால் நகர்ந்தாள்.

"வாப்பா மவுத்தான வீடு. விடுங்க," என்றாள் மஸ்னா. மாமா நகர்ந்துபோனார்.

கடல் போயிருந்தது. பாறைத் திட்டு முழுக்க வெளியே கிடந்தது. கறுப்பாக, ஈரமாக, துள்ளும் மீன்களோடு கிடந்தது. ஜலில் மாமா கண்ணை இடுக்கிக்கொண்டு, "சிங்கி எறால் தெரியுது பாரு. இவ்ளோ பெரிசு," என்றார். ஒருத்தரும் அசையவில்லை. அவரும் அசையவில்லை. சொல்லிக்கொண்டார், அவ்வளவுதான்.

இரண்டு வருடத்துக்கு முன் மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார். கடலுக்கடியில் ஒரு தட்டு இன்னொரு தட்டுக்கு அடியில் நுழைகிறது, நுழையும்போது மேல்தட்டு சிக்கி வளைகிறது, ஒரு நாள் விடுபட்டு எகிறுகிறது என்று திரையில் படம் காட்டினார். வாப்பா முன்வரிசையில் பொக்கை வாயோடு உட்கார்ந்திருந்தார். கை தூக்கினார்.

"தட்டெல்லாம் வேணாம் தம்பி. குட்டையில எருமை படுத்திருக்குல்ல? சும்மா காத்தடிச்சா தண்ணி மேல மட்டும்தான் நெளியும். எருமை புரண்டா? அடியிலேருந்து மொத்தத் தண்ணியும் எழும்பி நாலு பக்கமும் போகும். நடுக்குட்டையில ஒண்ணுமே தெரியாது. கரைக்கு வரவர ஆழம் கொறையுது, பின்னாடி வர்ற தண்ணி முன்னாடி போறது மேல ஏறுது. அலை இல்ல அது. குட்டையே எந்திரிச்சு வர்றது. சரியா?"

அதிகாரி யோசித்துவிட்டுச் சரி என்றார்.

"அப்ப எருமைன்னு எழுதுங்க," என்றார் வாப்பா.

அதிகாரி எழுதவில்லை. ஆனால் போகும் வழியில் கஹாருதின் வீட்டுக்குக் காப்பி குடிக்க நுழைந்தபோது வாசலில் பல் அவர் நெற்றியில் இடித்தது.

குட்டை எழுந்து வந்தது. சத்தம் முதலில் கேட்டது, கல் லாரியைக் கவிழ்த்தது போல. பிறகு பழுப்பாக ஒரு விளிம்பு பாறைத் திட்டை மூடி, மணலை மூடி, சாலையைத் தாண்டியது. பெரிதில்லை. முந்தினதைப் பார்த்தவர்களுக்கு இது சின்னது. ஆனால் கஹாருதின் வீட்டுச் சமையல் கொட்டகையைப் படுக்க வைத்தது. பெரிய அண்டா, கறியோடு, மெதுவாகச் சுற்றிக்கொண்டு சாலையில் மிதந்து போனது. மஸ்னா வாயில் கை வைத்துக்கொண்டாள். நீலத் தார்ப்பாயும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் கூட்டமாக வயலுக்குள் போயின.

கிணறு வரைக்கும் வந்து, நின்று, இறங்கியது.

"அவ்ளோதான்," என்றான் சப்ரி. "எறங்கிருச்சு. நான் போய் வாப்பாவ..."

யூனிதார் அவன் அரைக்கால் சட்டையின் இடுப்பை இடது கையால் பிடித்தாள்.

"விடுக்கா. மேல ஏத்தி வச்சிட்டு வந்துர்றேன். நாலே எட்டு."

"முதல்ல வந்தது போனதுக்கப்புறம்தான் அன்னிக்கிப் பெருசு வந்துச்சு. நிக்கிறியா இல்லையா?"

"அவரு கீழ தனியா கெடக்காருக்கா!"

"உம்மாவும் இப்பிடித்தான் நெனச்சா."

அவன் பலம் வாய்ந்தவன். இழுத்தான். சட்டை கிழிகிற சத்தம் கேட்டது. அவள் விடவில்லை. அரைக்கால் சட்டையும் போனால் மேட்டில் இத்தனை பெண்களுக்கு நடுவே என்ன ஆகும் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். உட்கார்ந்துவிட்டான். அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிடியை விடவில்லை.

இருபது நிமிடம் கழித்து இரண்டாவது வந்தது. சத்தம் குறைவு, தண்ணீர் அதிகம். கிணற்றை மூழ்கடித்தது. பாதையில் நுழைந்து கிராம்பு மரங்களுக்கு நடுவே ஏறியது. சப்ரி சொன்ன அந்த நாலு எட்டையும் தின்றுகொண்டு ஏறியது. மேலிருந்து பார்க்க, வெள்ளையாக ஒரு துண்டு அசைந்தது. ஒரு பக்கம் திரும்பியது. லுங்கி முடிச்சு இறுகியது. நின்றது.

சப்ரி முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"நல்ல முடிச்சு," என்றார் ஜலில் மாமா.

மூன்றாவது சின்னதாக வந்துபோனது. அதற்கப்புறம்தான் புதுச் சிக்கல். இறங்கலாம் என்று சொல்கிறவரும் இத்தனை நாள் கஹாருதின்தான். செய்தி வந்தால் செல்போனில் வரும். செல்போன்கள் சரிவில் எங்கெங்கோ கிடந்தன. புதருக்குள் ஒன்று மணியடித்தது. நின்றது. திரும்ப அடித்தது.

"என்னோடதுதான்," என்றார் இமாம். "எடுக்கவா?"

எண்பது பேர் அவரைப் பார்த்தார்கள்.

"வேணாம், வேணாம்," என்றார் இமாம்.

பிற்பகல் அஸர் தொழுகை நேரம் நெருங்கியபோது மேட்டுச் சாலையில் ஒரு போலீஸ்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து, ஒலிபெருக்கியில் இறங்கலாம் என்றார். ஊர் அவரை நம்பலாமா என்று கொஞ்ச நேரம் பேசியது. பிறகு யூனிதாரைப் பார்த்தது. அவள் கடலைப் பார்த்தாள். பாறைத் திட்டின் மேல் தண்ணீர் எப்போதும் இருக்கிற அளவில் இருந்தது.

"வாங்க," என்றாள்.

சந்தூக்கின் பக்கத்தில் வாப்பாவின் கிழட்டுப் பெண்ணெருமை நின்றுகொண்டிருந்தது. எப்போது ஏறி வந்தது என்று யாருக்கும் தெரியாது. வீட்டிலேயே சந்தூக்கில் தூவி வைத்திருந்த தாழை மடலையும் மல்லிகையையும் தின்று முடித்துவிட்டு, அசைபோட்டுக்கொண்டிருந்தது. கஃபன் இடுப்புவரை நனைந்து, ஓரத்தில் மணல் ஒட்டியிருந்தது.

"மறுபடி குளிப்பாட்டணுமா?" என்று கேட்டான் சப்ரி.

இமாம் துணியைத் தொட்டுப் பார்த்தார். இந்த முறை கிதாபைத் தேடவில்லை. "கடல் தண்ணி சுத்தந்தான். அவரக் கழுவ அதுவே வந்துட்டுப் போயிருக்கு. தூக்குங்க."

இப்போது மெதுவாகத் தூக்கினார்கள். ஊர் பின்னால் வரிசையாக வந்தது. யாரும் முந்தவில்லை. முந்த அவசியமும் இல்லை.

கபர் காலையிலேயே தோண்டி வைத்தது. பக்கத்தில் உம்மாவின் கபர். தொழுகை முடிந்தது. வாப்பாவைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, கன்னத்தை மண்ணில் சாய்த்து, பலகைகளைச் சரிவாக அடுக்கினார்கள். முகத்தில் பல் இல்லை. சப்ரி இப்போது பல்லைக் கேட்கவில்லை.

"மூணு பிடி மண்ணு," என்றார் இமாம். "வலது கையால."

சப்ரி போட்டான். ஜலில் மாமா போட்டார். யூனிதாரின் முறை வந்தது. காலையிலிருந்து மூடிய கை. விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்த வேண்டியிருந்தது. உள்ளங்கையில் மேலும் கீழுமாக இரண்டு பிறை, ஊதா நிறத்தில் பதிந்திருந்தது. குனிந்து, அந்தக் கையாலேயே மண்ணை அள்ளினாள். ஈர மண். ஒரு பிடி. போட்டாள்.

'டக்' என்று பலகையில் ஏதோ விழுந்து, உருண்டு, இடுக்கில் போய் நின்றது.

இமாம் ஓதுவதை நிறுத்தினார். "என்னது அது?"

"கல்லு," என்றாள் யூனிதார்.

இமாம் குழிக்குள் எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். இளஞ்சிவப்பாக இருந்தது கல்.

"கல்லுதான்," என்றார். "இன்னும் ரெண்டு பிடி இருக்கு."

அவள் இரண்டாவது பிடியை அள்ளினாள்.